தொண்டுழைப்பும் காணியுறுதியும்: ஹபிற்றாற் வீடமைப்பு இயக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகரத்து ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டர் இயக்கங்களைப் பற்றி இருவகையான கருத்துக்கள் நிலவுகின்றன. அரசும் சந்தையும் கைவிட்ட மக்களுக்கு மனிதாபிமானம் அளித்த கொடை என ஒரு சாரார் அவற்றைப் போற்றுவர். வர்க்க முரண்பாட்டை மூடி மறைக்கும் தருமம் என மற்றொரு சாரார் ஒதுக்கிவிடுவர். இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டுமே இயக்கத்தை அதன் வரலாற்றினின்றும் பிரித்தெடுத்து மதிப்பிடுகின்றன. எத்தகைய சமூக உறவுகளினிடையே ஒரு வீடு எழுப்பப்பட்டது, அவ்வீடு நிற்கும் நிலம் யாருடையது, கொடையாக வழங்கப்பட்ட உழைப்பின் பயன் இருபது முப்பது ஆண்டுகளின் பின்னர் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களுக்கு விடை காணாதவிடத்துப் போற்றலும் தூற்றலும் ஒருங்கே பயனற்றுப் போகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய, 'மனிதகுலத்துக்கான வாழ்விடம்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஹபிற்றாற் இயக்கத்தின் வரலாற்றை, சிறப்பாக அது கிராமத்திலிருந்து மாநகருக்குப் பெயர்ந்த வரலாற்றை, இவ்வினாக்களை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பருத்தி நிலமும் வாரக்குடியும்

இயக்கத்தின் வேர் ஒரு நகரத்திலே இல்லை. ஜோர்ஜியா மாநிலத்தின் தென்மேற்கே, சம்ரர் மாவட்டத்தில், அமெரிக்கஸ் என்னும் சிறுபட்டினத்துக்கு அண்மையில் 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொய்னோனியா பண்ணையே அதன் பிறப்பிடமாகும். பெயர் கிரேக்கச் சொல். கூட்டுறவு, தோழமை எனப் பொருள்படுவது. நிறுவியவர்களுள் முதன்மையானவர் கிளாரன்ஸ் ஜோர்டன். விவசாயத்திற் பட்டம் பெற்றுப் பின்னர் கிரேக்க மொழியிலே புதிய ஏற்பாட்டை ஆராய்ந்து கலாநிதியானவர் அவர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே நிலத்தில் உழைத்து, ஒரே மேசையில் உண்டு, உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தமை பண்ணையின் தனிச்சிறப்பாகும்.

இதன் முக்கியத்துவத்தை உணர்வதற்கு அப்பிரதேசத்தின் உற்பத்தி உறவுகளை மனங்கொள்ளுதல் அவசியம். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் நிலம் பழைய நிலவுடைமையாளரிடமே தங்கிவிட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் வாரக்குடிகளாயினர். விதையும் உரமும் உணவும் கடனாகப் பெற்று, அறுவடையிற் பங்கு கொடுத்து, கணக்கு முடியும்போது மீண்டும் கடனாளிகளாகவே நின்றனர். அவர்கள் குடியிருந்த குடிசையும் நிலக்காரனுடையதே. எனவே குடியிருப்பு என்பது தொழிற்கட்டுப்பாட்டின் ஒரு கருவியாயிற்று. 1960இல் டெனசி மாநிலத்தின் பயெற் மாவட்டத்தில், வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட குற்றத்துக்காக வெளியேற்றப்பட்ட வாரக்குடிகள் கூடாரங்களிலே வாழ நேரிட்டமை இதற்கு வெளிப்படையான சான்றாகும். இத்தகைய சூழலில் இனக்கலப்புடன் இயங்கிய ஒரு பண்ணை பொறுத்துக்கொள்ளப்படவில்லை. 1956 தொடக்கம் கடைக்காரர்கள் அதனுடன் கொடுக்கல் வாங்கலை நிறுத்தினர். காப்புறுதி இரத்துச் செய்யப்பட்டது. வீதியோரக் கடை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. இரவு வேளைகளிற் பண்ணை வீடுகள் மீது துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன.

இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. புதிய ஏற்பாட்டின் பெரும் பகுதியை ஜோர்டன் தென்பகுதிக் கிராமத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பிலே எருசலேம் அற்லாண்டா நகராகின்றது. சிலுவையேற்றம் கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல்கள் அடித்துக் கொன்று தூக்கிலிட்ட கொடுமையாகின்றது. தூரத்துப் புனிதத்தை அருகிலுள்ள அநீதியாக மாற்றிக் காட்டிய அம்மனப்பாங்கே பின்னர் வீடு கட்டும் திட்டமாகவும் வெளிப்பட்டது எனலாம். பொதுப்படையான அன்பினைப் பற்றிப் பேசுவதை விடுத்து, குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசும் நிலைக்கு அவர் வந்துசேர்ந்தார்.

2. வட்டியில்லாக் கடன்

1968இல் மில்லாட் புல்லர் ஜோர்டனுடன் இணைந்தார். அலபாமாவைச் சேர்ந்த சட்டத்தரணியான புல்லர் முப்பது வயதுக்குள் வணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டி, 1965இல் அதனைத் துறந்தவர். ஏழைகளுக்கு வேண்டியது பிச்சையன்று, முதல் என்பது இருவரும் கண்ட முடிபு. பண்ணைக் காணியில் 42 துண்டுகள் அளந்து ஒதுக்கப்பட்டன. நன்கொடையாலும் கடனாலும் பொதுநிதியொன்று உருவாக்கப்பட்டது. அந்நிதியைக் கொண்டு, தொண்டரின் உழைப்பாலும் குடியேறவிருக்கும் குடும்பத்தின் உழைப்பாலும் வீடுகள் கட்டப்பட்டு, இலாபமின்றி, வட்டியின்றி விற்கப்படும். திருப்பிச் செலுத்தப்படும் தவணைப் பணம் அடுத்த வீட்டுக்கு முதலாகும். 1969இல் முதல் வீடு எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோர்டன் காலமானார்.

அம்முதல் வீட்டின் விலை ஏறத்தாழ 6,000 டொலர். தவணை மாதத்துக்கு 25 டொலராக இருபது ஆண்டுகள். இதே தொகையை ஆண்டுக்கு 8 வீத வட்டியிற் கடன் பெற்று இருபது ஆண்டுகளிற் செலுத்துவதாயின் மாதத் தவணை சுமார் 50 டொலராகும். அதாவது, வங்கி மூலதனத்துக்குரிய பங்கை நீக்கிய மாத்திரத்தே வீட்டின் மாதச் செலவு பாதியாகக் குறைகின்றது. முதலாளித்துவ வீடமைப்பில் வீட்டின் விலை எனத் தோன்றுவதில் எவ்வளவு பகுதி செங்கல்லுக்கும் பலகைக்கும் கூலிக்கும் உரியது, எவ்வளவு பகுதி பணம் படைத்தவனுக்குச் செல்லும் கப்பம் என்பதை இச்சிறு கணக்கு தெளிவாக்குகின்றது. இயக்கத்தின் நிலையான சாதனை இதுவே என்பது எமது கருத்து.

எனினும் ஒரு முரண் இங்கு தோன்றுகின்றது. உடைமையைப் பொதுவாக வைத்திருந்த ஒரு பண்ணை, தனது நிலத்திலே தனியுடைமை வீடுகளை ஏன் உருவாக்கியது? விடை முன்னர் கூறிய உற்பத்தி உறவுகளிலே உள்ளது. நிலக்காரன் விரும்பியபோது தெருவிலிறக்கக்கூடிய வாரக்குடிக்கு, தன் பெயரில் எழுதிய காணியுறுதி வெறும் சொத்தன்று. அது வாக்களிக்கும் துணிவுக்கும், குறைந்த கூலியை மறுக்கும் துணிவுக்கும் ஆதாரமாகும். அவ்விடத்தில், அக்காலத்தில், தனியுடைமை உறுதி நிலப்பிரபுத்துவத் தளையை அறுக்கும் ஆயுதமாயிருந்தது.

அதே 1969ஆம் ஆண்டிலே, சம்ரரின் எல்லையையொட்டிய லீ மாவட்டத்தில், அதே வினாவுக்கு வேறொரு விடை காணப்பட்டது. குடியுரிமைப் போராட்ட வீரரான சார்ள்ஸ் ஷெறொட் முதலியோர் 'புதிய சமுதாயங்கள்' என்னும் அமைப்பை உருவாக்கி ஏறத்தாழ 5,700 ஏக்கர் நிலத்தைக் கறுப்பின விவசாயிகளின் பொதுவுடைமையாகக் கைக்கொண்டனர். நிலம் நம்பிக்கைப் பொறுப்பிலே பொதுவாக இருக்கும். குடும்பங்கள் அதனை நீண்டகாலக் குத்தகையிற் பயன்படுத்தும். விற்றுவிட எவராலும் இயலாது. பிற்காலத்திற் சமுதாய நில நம்பிக்கைப் பொறுப்பு என வழங்கிய நிறுவன வடிவத்தின் முதல் எடுத்துக்காட்டு இதுவேயாகும். வறட்சியாலும், கடன் வழங்குவதிற் காட்டப்பட்ட இனப்பாகுபாட்டாலும் 1985இல் அந்நிலம் கைநழுவியது. அப்பாகுபாட்டுக்கான இழப்பீடாக 12 மில்லியன் டொலர் 2009இலே தான் கிடைத்தது. அயலருகே, ஓராண்டிலே பிறந்த இவ்விரு வழிகளும் அரை நூற்றாண்டின் பின்னர் நியூயோர்க் மாநகரிலே மீண்டும் சந்திக்கின்றன. அதனைப் பின்னர் காண்போம்.

1973இல் புல்லர் அன்று சயர் எனப்பட்ட கொங்கோவின் ம்பண்டாக்கா நகருக்குச் சென்று மூன்றாண்டுகள் இத்திட்டத்தைப் பரிசோதித்தார். பெல்ஜியர் ஆட்சிக்காலத்தில் வெள்ளையர் குடியிருப்பையும் ஆபிரிக்கர் குடியிருப்பையும் பிரித்து வைத்த வெற்று நிலத்திலே வீடுகள் எழுந்தன. 1976இல் அவர் திரும்பி வந்து ஹபிற்றாற் அமைப்பை முறைப்படி நிறுவினார். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் அதன் முதற் கிளைகளுள் ஒன்று தோன்றியது. இவ்வாறு பருத்தி நிலத்துக்கென வகுத்த முறை நகரத்துக்கு வந்தது.

3. கைவிடப்பட்ட மாநகர்

நகரத்திலே பிரச்சினையின் உள்ளடக்கம் வேறானது. 1970களில் நியூயோர்க் மாநகரின் தொழிலாளர் குடியிருப்புக்களில் வீட்டுச் சொந்தக்காரர் கட்டடங்களைக் கைவிட்டனர். வங்கிகள் அப்பகுதிகளுக்குக் கடன் மறுத்தன. சொந்தக்காரர் திருத்த வேலைகளை நிறுத்தி, வாடகையை மட்டும் கறந்து, ஆதன வரியைச் செலுத்தாது விட்டனர். காப்புறுதிப் பணத்துக்காகத் தீ வைத்தவர்களும் உளர். 1973 ஜனவரியில் நிக்சன் அரசாங்கம் உதவி பெறும் புதிய வீடமைப்புத் திட்டங்களை இடைநிறுத்தியது. 1975இல் மாநகரமே கடனில் முறியும் நிலையை எட்டியது. வரி நிலுவைக்காக ஆயிரக்கணக்கான கட்டடங்கள் மாநகர சபையின் கைக்கு வந்தன. வீடற்றோரும் ஆளற்ற வீடுகளும் ஒரே வீதியில் நின்றமை முதலாளித்துவ நகரத்தின் பகுத்தறிவின்மைக்கு ஒரு பாடநூற் சான்றாகும்.

இந்நிலையில் முதலில் எழுந்தவர்கள் வெளியூர்த் தொண்டர்கள் அல்லர். அங்கேயே குடியிருந்த மக்களாவர். மன்ஹற்றனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், கிழக்குப் பதினோராம் வீதி 519ஆம் இலக்கக் கட்டடத்தைப் பெரும்பாலும் புவேட்டோ றிக்கோ வழிவந்த அயலவர்கள் 1974 முதற் கைப்படத் திருத்தி எழுப்பினர். 1976இல் அதன் கூரையிலே காற்றாடி ஒன்றை நிறுத்தி மின்சாரமும் பெற்றனர். தென் புறொன்க்ஸில் மக்கள் அபிவிருத்திக் கழகம் என்னும் அமைப்பு இதே வழியிற் சென்றது. 1977 ஒக்டோபர் 5ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி காட்டர் தென் புறொன்க்ஸின் இடிபாடுகளைப் பார்வையிட்ட வேளை, அக்கழகத்தின் வேலைத்தலத்தையும் கண்டார். 1970களின் தொடக்கத்தில் உருவாகியிருந்த நகரக் குடியேற்ற உதவிச் சபை இத்தகைய குடியிருப்பாளர்க்குச் சட்ட அறிவும் தொழிலறிவும் வழங்கியது. 1978 தொடக்கம் மாநகர சபை தன் வசமுள்ள கட்டடங்களை வாடகையாளரின் கூட்டுறவுகளுக்கு, வீடொன்று 250 டொலர் என்னும் பெயரளவு விலைக்கு விற்கத் தொடங்கியது. உரிமை ஒரு குடும்பத்துக்கன்றிக் கூட்டுறவுக்கே உரியதென்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

குடியிருப்பாளர் தாமே செய்யும் உழைப்பு 'வியர்வைப் பங்கு' எனப் பெயர் பெற்றது. அச்சொற்றொடரின் ஆங்கில மூலம் இருபொருள் தருவது. நடுநிலையான நீதி என்பது ஒரு பொருள். சொத்தில் ஒருவருக்குள்ள முதற்பங்கு என்பது மற்றையது. வியர்வை நீதியாகுமா, முதலாகுமா என்பதே இவ்வியக்கங்கள் யாவற்றினதும் அடிப்படை வினாவெனலாம்.

4. சுத்தியலும் ஒளிப்படமும்

1984 செப்டெம்பரில், பதவியிழந்து மூன்றாண்டுகள் கழிந்த காட்டர், ஹபிற்றாற் தொண்டர் நாற்பது பேரளவிலானோருடன் ஜோர்ஜியாவிலிருந்து பேருந்தில் நியூயோர்க் வந்து சேர்ந்தார். முன் கூறிய காற்றாடிக் கட்டடத்துக்கு ஐந்து வீதிகள் தெற்கே, கிழக்கு ஆறாம் வீதியில், பாழடைந்து கிடந்த ஆறுமாடிக் கட்டடமொன்றை 19 குடும்பங்களுக்கு உரிய இல்லமாக மாற்றும் பணியில் அவர்கள் ஈடுபட்டனர். முன்னாள் ஜனாதிபதி சுத்தியல் ஏந்திய ஒளிப்படங்கள் இயக்கத்தை உலகறியச் செய்தன. அதன் பின்னரே அதன் வளர்ச்சி வேகமடைந்தது. 2000ஆம் ஆண்டில் உலகளாவிய அதன் வீடுகளின் தொகை நூறாயிரத்தையும், 2005இல் இரண்டு இலட்சத்தையும் எட்டியது.

இவ்வளர்ச்சி நிகழ்ந்த அரசியற் சூழலையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1981 முதல் றேகன் அரசாங்கம் வீடமைப்புக்கான கூட்டாட்சி நிதியைப் பெருமளவு வெட்டியது. 1992இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டமொன்றின் கீழ்ச் சுமார் ஒரு இலட்சம் பொதுத்துறை வீடுகள் இடிக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத்துறை வீடுகளின் மொத்தத் தொகை இனிமேற் கூடலாகாது எனத் தடை விதித்தது. தொண்டர் இயக்கம் இவற்றுக்குக் காரணமன்று. காட்டர் முதலியோரின் உளத்தூய்மையில் ஐயங்கொள்ளவும் இடமில்லை. 2024 டிசெம்பரில் மறையும் வரை, வயது தொண்ணூறைக் கடந்த பின்னும், அவர் அப்பணியுடன் பிணைந்திருந்தார். ஆயினும் அரசு தன் கடமையினின்றும் பின்வாங்கிய காலத்திலே, குடிமக்களின் நற்குணமே வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கவல்லது என்னும் கருத்தியலுக்கு அவ்வொளிப்படங்கள் பயன்படுத்தப்பட்டன என்பதை மறுக்கவியலாது. உழைப்பைக் கொடையாகப் பெறலாம். நிலத்தை அவ்வாறு பெறுதல் அரிது. இதனை நடைமுறையே உணர்த்தியது. 1996இல் உருவாக்கப்பட்ட கூட்டாட்சி நிதித் திட்டமொன்றிலிருந்து, காணி வாங்கவும் வீதி, நீர் வசதிகள் அமைக்கவும் ஹபிற்றாற் அரச பணத்தைப் பெறலாயிற்று.

5. நிலம் விடுத்த சவால்

கிழக்கு ஆறாம் வீதி வீடுகள் எழுந்த காலத்திலேயே அப்பகுதிக்கு மூலதனம் திரும்பத் தொடங்கிவிட்டது. மார்க்சியப் புவியியலாளரான நீல் ஸ்மித் 1979இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு நிலம் இன்றைய பயன்பாட்டில் ஈட்டும் வாடகைக்கும், உயர்ந்த பயன்பாட்டில் ஈட்டக்கூடிய வாடகைக்கும் இடையிலுள்ள இடைவெளி பெருகும்போது மூலதனம் அங்கு பாயும். கட்டடங்களைக் கைவிட்டமையே அவ்விடைவெளியை உண்டாக்கியது. அதனை நிரப்பவே மூலதனம் திரும்பியது. 1988 ஓகஸ்டில், அவ்வீதியிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள தொம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஆர்ப்பாட்டக்காரருக்கும் பொலிசாருக்கும் இடையே நிகழ்ந்த மோதல் இம்மாற்றத்தின் அரசியல் வெளிப்பாடாகும்.

இந்நிலையிற் கொடையுழைப்புக்கு என்ன நேர்கின்றது? தொண்டர் உழைப்பு ஒரு வீட்டின் ஆக்கச் செலவைக் குறைக்கின்றது. ஆனால் அவ்வீடு மீண்டும் சந்தைக்கு வருமாயின் அதன் விலை ஆக்கச் செலவினால் நிருணயிக்கப்படுவதில்லை. அயலிலுள்ள நில விலையாலேயே நிருணயிக்கப்படும். குறைந்த செலவுக்கும் கூடிய விலைக்கும் இடையிலான வேறுபாடு நில வாடகையாக உருமாறி விற்பவரின் கையைச் சேர்கின்றது. முதற் குடும்பம் உயர்கின்றது. அடுத்து வரும் ஏழைக் குடும்பத்துக்கு அவ்வீடு எட்டாக்கனியாகின்றது. நூறு பேர் இலவசமாகச் சிந்திய வியர்வை ஒரு தலைமுறைக்குள் சந்தையால் விழுங்கப்படுகின்றது. இவ்விடர் கூட்டுறவுகளையும் விட்டுவைக்கவில்லை. 250 டொலருக்குப் பெற்ற வீடுகளுட் சில, விற்பனைக் கட்டுப்பாடு தளர்ந்த கட்டடங்களிற் சில இலட்சம் டொலருக்குக் கைமாறின. ஹபிற்றாற் கிளைகள் பல, சந்தை விலைக்கும் தாம் விற்ற விலைக்குமுள்ள வேறுபாட்டை இரண்டாம் ஈடாகப் பதிந்து வைத்துக்கொண்டமை இவ்விடரைத் தாமும் உணர்ந்ததன் விளைவாகும்.

ஆகவே சம்ரர் மாவட்டத்தில் விடுதலைக் கருவியாக இருந்த தனியுறுதி, மன்ஹற்றனிலே கொடையுழைப்பைச் சந்தைக்குக் கடத்தும் வாய்க்காலாக மாறக்கூடியதாயிற்று. சட்ட வடிவம் ஒன்றே. அது இயங்கும் சமூக உறவுகள் வேறு. வடிவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்து மதிப்பிடலாகாது என்னும் விதி இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று.

இதன் தருக்கரீதியான வளர்ச்சியாகவே, 2010களின் பிற்பகுதியில் நியூயோர்க் ஹபிற்றாற் கிளையும், நகரக் குடியேற்ற உதவிச் சபையும், வேறிரு அமைப்புக்களும் இணைந்து இன்ரபறோ என்னும் சமுதாய நில நம்பிக்கைப் பொறுப்பை நிறுவின. வீடு குடும்பத்துக்கு உரியது. நிலம் நம்பிக்கைப் பொறுப்புக்கு உரியது. மறுவிற்பனை விலைக்கு வரம்புண்டு. 1969இல் லீ மாவட்டத்துக் கறுப்பின விவசாயிகள் கண்ட வழிக்கு, அயல் மாவட்டத்திற் பிறந்த இயக்கம் மாநகரைச் சுற்றி வந்தடைந்தது என்பது வரலாற்றின் படிப்பினையாகும்.

6. எங்கெல்ஸும் நாமும்

வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் 1872-73இல் எழுதிய கட்டுரைகளில், தொழிலாளரை ஆளுக்கொரு வீட்டுக்குச் சொந்தக்காரராக்குவதே தீர்வு என்ற கருத்தை மறுத்தார். சொந்த வீடும் தோட்டமும் உடைய ஜெர்மானியக் குடிசைத் தொழிலாளரின் கூலி மிகத் தாழ்ந்திருந்தமையை அவர் சுட்டிக் காட்டினார். வாழ்க்கைச் செலவிற் குறைந்த பகுதியை முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொள்வான் என்பது அவரது வாதம். சேரிகளை அகற்றுவோர் அவற்றை வேறிடத்துக்குப் பெயர்ப்பதன்றி ஒழிப்பதில்லை என்பதையும் அவர் விளக்கினார். இவை இன்றும் வலுவிழக்கவில்லை. எனினும் எங்கெல்ஸைச் சூத்திரமாக ஒப்புவித்து, கூரையின்றித் தவிக்கும் குடும்பத்தைப் புரட்சி வரை காத்திருக்கச் சொல்வது மார்க்சியமாகாது. அவரது ஆய்வுமுறை, குறிப்பிட்ட இடத்தின் குறிப்பிட்ட உறவுகளை ஆராயுமாறு நம்மைப் பணிக்கின்றது.

இவ்வினா நமக்கும் அந்நியமானதன்று. 1984இல் இலங்கையில் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், மக்களே கட்டுவர், அரசு துணைநிற்கும் என்னும் கொள்கையை உலகுக்கு எடுத்துக்காட்டாக முன்வைத்தது. போருக்குப் பின்னர் இந்திய உதவியுடன் வடக்குக் கிழக்கில் நிறைவேறிய வீடமைப்புத் திட்டத்தில், குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வழங்கி அவர்களே கட்டுவிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்திய நிறுவனங்களுள் ஹபிற்றாற்றும் ஒன்று. சிரமதானம் என்னும் சொல்லும் நமக்குப் பழகியதே. மலையகத்து லயன் அறைகளில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் கூரையும் ஒரே நிருவாகத்தின் கையிலிருந்து வந்தன. அவனது நிலை சம்ரர் மாவட்ட வாரக்குடியின் நிலையை ஒத்தது. அங்கு காணியுறுதி கேட்பது முற்போக்கான கோரிக்கை. நில விலை ஏறிவரும் கொழும்பின் தோட்டக் குடியிருப்புக்களிலோ, தனியுறுதி மட்டும் போதாது. நிலத்தைச் சந்தையினின்றும் காக்கும் பொது ஏற்பாடும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் ஒன்றில் மலையகத்துக்கு அநீதி இழைப்பர், அன்றேல் நகரத்துக்கு அநீதி இழைப்பர்.

தொண்டுழைப்பு, மனிதர் இலாபமின்றியும் ஒருவருக்கொருவர் உழைக்க வல்லவர் என்பதை நடைமுறையில் நிரூபிக்கின்றது. அந்நிரூபணம் சிறிதன்று. அவ்வுழைப்பைக் காப்பது அதனைச் செய்தவரின் நல்லெண்ணத்தால் மட்டும் இயலாது. வட்டியை நீக்கிய இயக்கம் நிலத்தையும் சந்தையினின்றும் நீக்கும்போதே கொடை உரிமையாகின்றது. அதனை நிறைவேற்றும் ஆற்றல், கட்டுமானத் தலத்துக்கு வெளியே, அமைப்பாகத் திரண்ட மக்களின் அரசியலிலேயே உள்ளது.